வெப்சைட்டை ஹோஸ்டிங்கில் ஏற்றுவது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேசுவரத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்கள், மண்டபத்திலிருந்து கருவாடு அனுப்புகிறவர்கள், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துக் கடைக்காரர்கள், பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரையும், சைட் ஃபைல்களை ஏற்ற உதவும் ஃபைல்ஜில்லா என்ற மென்பொருளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபைல்ஜில்லாவின் மேல்பகுதியில் வரி வரியாக ஓடும் எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. சிக்கலுக்கான காரணம் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும். உதவி கேட்கும்போது "வரல" என்று சொல்லாமல், அந்தச் சிவப்பு வரியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

1. எஃப்டிபி எஃப்டிபிங்கிறாங்களே, அது என்னண்ணே? சைட்டை ஏத்துறதுக்கு அது எதுக்கு?

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை ஹோஸ்டிங் சர்வரில் (உங்கள் சைட்டை வைத்து இணையத்தில் காட்டும் வாடகைக் கம்ப்யூட்டரில்) கொண்டுபோய் வைப்பதற்கும், அங்கிருந்து திரும்ப எடுத்து வருவதற்கும் ஏற்பட்ட முறை அது. 1971-லேயே இதன் முதல் வரைவை எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். இன்று புழங்கும் வடிவத்துக்கு அடிப்படை 1985-ல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற இணைய விதிமுறை ஆவணம்.

ராமேசுவரத்தில் விசைப்படகு கரையை ஒட்டி வராமல் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வள்ளம்தான் நடை நடையாகப் போய்ச் சரக்கை இறக்கி வரும். எஃப்டிபியும் இப்படித்தான் இரண்டு இணைப்பு வைத்துக்கொள்கிறது. லாகின், "இந்த ஃபோல்டருக்குப் போ", "இதை அழி" என்ற பேச்செல்லாம் முதல் இணைப்பில் நடக்கும். அது கடைசி வரை நிற்கும் விசைப்படகு. ஒவ்வொரு ஃபைலுக்கும் புதிதாக ஓர் இணைப்பு திறந்து, ஃபைல் போனதும் மூடும். அது வள்ளம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் 9, 11 ஆகிய கேள்விகளின் பதில் தானாகப் புரியும்.

2. எந்த சாஃப்ட்வேர் போடணும்? காசு கட்டணுமா?

காசு வேண்டாம். ஃபைல்ஜில்லா 2001-லிருந்து இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடும். விண்டோஸுக்கு வின்எஸ்சிபி, மேக்குக்கு சைபர்டக் என்று வேறு நல்ல மென்பொருள்களும் உண்டு. ஒன்றைப் பழகினால் மற்றதும் வந்துவிடும்.

டவுன்லோட் செய்யும்போது இரண்டு தவறு நடக்கிறது. ஃபைல்ஜில்லா சர்வர் என்றும் ஒன்று உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். கிளையண்ட் என்று போட்டிருப்பதை எடுங்கள். அடுத்து, பக்கத்தில் பெரிதாகத் தெரியும் பச்சைப் பட்டனை அமுக்கினால் வேறு விளம்பர மென்பொருள்களும் சேர்ந்து வரலாம். அதன் கீழே கூடுதல் டவுன்லோட் வழிகளைக் காட்டும் சிறிய லிங்க் இருக்கும். அதில் கிடைப்பது சுத்தமானது.

முன்பு பிரவுசரிலேயே எஃப்டிபி திறந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். 2021-ல் ஃபயர்பாக்ஸ் 90-இலும் குரோம் 95-இலும் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

3. ஹோஸ்டிங்காரங்க ஒரு மெயில் அனுப்பியிருக்காங்க. அதுல எதை எடுத்து எங்க போடணும்?

அந்த மெயிலில் நான்கு விவரங்களைத் தேடுங்கள்: ஹோஸ்ட் (சர்வரின் பெயர்), யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் (சர்வரின் எந்த வாசல் என்று சொல்லும் எண்). பில் கட்டும் பக்கத்துக்கான லாகினும் அதே மெயிலில் இருக்கும். அதையும் இதையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்கு முதல் நாளே கதவு திறப்பதில்லை.

ஃபைல்ஜில்லாவில் மேலே தெரியும் குயிக்கனெக்ட் பட்டையை விட்டுவிடுங்கள். ஃபைல் மெனுவில் சைட் மேனேஜர் போய், நியூ சைட் கொடுத்து, லாட்ஜ் பெயரையோ கடைப் பெயரையோ வையுங்கள். ப்ரோட்டோகால் என்பதில் எஃப்டிபி. ஹோஸ்ட் கட்டத்தில் மெயிலில் உள்ள சர்வர் பெயரை மட்டும் போடுங்கள். முன்னால் எச்டிடிபி, பின்னால் சாய்கோடு எதுவும் வரக்கூடாது. போர்ட்டை காலியாக விட்டால் 21 என்று தானே எடுத்துக்கொள்ளும். என்கிரிப்ஷனில் "ரிக்வயர் எக்ஸ்ப்ளிசிட் எஃப்டிபி ஓவர் டிஎல்எஸ்". லாகான் டைப் நார்மல். யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போட்டுக் கனெக்ட் அமுக்குங்கள்.

மெயிலிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியதும் எண்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். கடைசி எழுத்தை ஒட்டிக் கர்சர் நிற்க வேண்டும், ஒரு எழுத்துத் தள்ளி நின்றால் பேக்ஸ்பேஸ் போட்டு அழியுங்கள்.

4. கனெக்ட் குடுத்தா சர்டிஃபிகேட் தெரியலைன்னு ஒரு பெட்டி வருது. ஓகே குடுக்கலாமா?

பெட்டியைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஒரே சர்வரில் பல பேருடைய சைட்டுகள் இருக்கும், சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றான சர்டிஃபிகேட் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வர் பெயரில் இருக்கும். நீங்கள் உங்கள் டொமைனை (சைட் முகவரியை) ஹோஸ்ட்டாகப் போட்டிருந்தால் இரண்டு பெயரும் ஒத்துப்போகாது. அதனால்தான் எச்சரிக்கை. பெட்டியில் தெரிவது உங்கள் ஹோஸ்டிங்காரரின் சர்வர் பெயர்தான் என்றால், அந்தப் பெயரையே ஹோஸ்ட் கட்டத்தில் போட்டுவிடுங்கள். எச்சரிக்கை போய்விடும்.

பல மாதமாக வராத பெட்டி, பஸ் ஸ்டாண்டு வைஃபையில் உட்கார்ந்தபோது திடீரென்று வந்தால் கேன்சல் கொடுத்துவிட்டு வீட்டு இணைப்பில் முயலுங்கள்.

5. எஃப்டிபி, எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி, மூணும் ஒண்ணுதானே?

இல்லை. வெறும் எஃப்டிபியில் உங்கள் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும், நடுவில் இருப்பவர் படிக்கலாம். அதற்கு டிஎல்எஸ் பூட்டுப் போட்டது எஃப்டிபிஎஸ். போர்ட் அதே 21, பழைய இம்ப்ளிசிட் வகைக்கு 990. எஸ்எஃப்டிபி பெயரில்தான் ஒன்று போலத் தெரியும், அது எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்பு வழியாக ஓடும் வேறு முறை, போர்ட் 22. எல்லாம் ஒரே இணைப்பில் போவதால் 9-ஆம் கேள்வியில் வரும் தொல்லை அதில் இல்லை.

உங்கள் திட்டத்தில் எஸ்எஃப்டிபி இருந்தால் அதையே எடுங்கள். சில ஹோஸ்டிங்குகளில் 22-க்குப் பதில் வேறு எண் கொடுத்திருப்பார்கள், மெயிலைப் பாருங்கள். இல்லாவிட்டால் 3-இல் சொன்ன எஃப்டிபிஎஸ் போதும். பூட்டில்லாத எஃப்டிபி மட்டும்தான் உண்டு என்று 2020-களிலும் சொல்லும் ஹோஸ்டிங்கை விட்டு விலகுவதே நல்லது.

6. உள்ள போயிட்டேன் சார். ரெண்டு பக்கமும் ஃபோல்டரா கிடக்கு. எதை எதுல போடணும்?

இடப்பக்கம் உங்கள் கம்ப்யூட்டர், வலப்பக்கம் சர்வர். வலப்பக்கத்தில் பப்ளிக்_எச்டிஎம்எல் என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். சில இடங்களில் டபிள்யூடபிள்யூடபிள்யூ அல்லது எச்டிடாக்ஸ் என்று இருக்கும். உலகத்துக்குத் தெரிவது அதற்குள் இருப்பது மட்டும்தான். மெயில், லாக் போன்ற மற்ற ஃபோல்டர்களைத் தொட வேண்டாம்.

பப்ளிக்_எச்டிஎம்எல்லை இரண்டு முறை கிளிக் செய்து உள்ளே போங்கள். இடப்பக்கம் உங்கள் சைட் ஃபோல்டரையும் திறந்து உள்ளே போங்கள். அங்கே கண்ட்ரோல், ஏ இரண்டையும் சேர்த்து அமுக்கி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், அப்லோட். ஃபோல்டரை இழுத்துப் போடாதீர்கள், ஃபோல்டருக்குள் இருப்பதைப் போடுங்கள்.

7. எல்லாம் ஏறிடுச்சு. ஆனா சைட்டைத் திறந்தா "விரைவில் வருகிறது"ன்னு பழைய பக்கமே நிக்குதே?

அதிகம் பேர் கேட்டது இதுதான். காரணங்கள் நான்கைந்து உண்டு, வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஃபோல்டர். 6-இல் சொன்னபடி செய்யாமல், "லாட்ஜ்சைட்" என்ற ஃபோல்டரையே இழுத்துப் போட்டிருந்தால் சைட் டொமைனில் திறக்காது, டொமைனுக்குப் பின் சாய்கோடு போட்டு லாட்ஜ்சைட் என்று அடித்தால்தான் திறக்கும். அடுத்து முகப்புப் பக்கத்தின் பெயர். அது சிறிய ஆங்கில எழுத்தில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்று இருக்க வேண்டும். ஹோம்.எச்டிஎம்எல் என்று வைத்தால் சர்வர் அதைத் தேடாது. விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்துக் காட்டும் என்பதால் நோட்பேடில் சேமித்த ஃபைல் உண்மையில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி என்று இருக்கலாம். ஃபைல்ஜில்லா முழுப் பெயரையும் காட்டும், வலப்பக்கத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். வலது கிளிக் செய்து ரீநேம் கொடுத்துத் திருத்திவிடலாம். ஹோஸ்டிங்காரர் வைத்த டீஃபால்ட் பக்கம் ஒன்று அங்கேயே கிடந்தால் அதையும் அழியுங்கள். இண்டெக்ஸ்.பிஎச்பி, இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் இரண்டும் இருந்தால் எதை முதலில் காட்டுவது என்பது சர்வர் அமைப்பைப் பொறுத்தது.

இவை எல்லாம் சரியென்றால் பிரவுசர் பழையதை நினைவில் வைத்திருக்கும். கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு எஃப்5 அடியுங்கள், அல்லது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வேறு போனில் திறந்து பாருங்கள். டொமைனை நேற்றுதான் வாங்கினீர்கள் அல்லது ஹோஸ்டிங் மாற்றினீர்கள் என்றால் டிஎன்எஸ் (எந்த டொமைன் எந்த சர்வரில் என்று காட்டும் பதிவு) பரவ 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை ஹோஸ்ட் கட்டத்தில் டொமைனுக்குப் பதில் மெயிலில் உள்ள ஐபி எண்ணை (சர்வரின் எண் முகவரியை) போட்டால் அப்லோட் வேலையாவது நிற்காமல் நடக்கும்.

8. 530-ன்னு சிவப்பா வருது. பாஸ்வேர்டு சரியாத்தான் போட்டேன்.

530 என்றால் சர்வர் வரை போய்விட்டீர்கள், லாகின் ஒத்துவரவில்லை. நெட்டில் பிழை இல்லை. யூசர்நேம் பல ஹோஸ்டிங்குகளில் டொமைனோடு சேர்ந்த முழுப் பெயராக, மெயில் முகவரி போலவே இருக்கும். முதல் பாதியை மட்டும் போட்டால் 530 வரும். 3-இல் சொன்ன கண்ணுக்குத் தெரியாத வெற்றிடத்தையும் பாருங்கள்.

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தால் சர்வர் உங்கள் ஐபியையே சிறிது நேரம் அடைத்துவிடும். அப்போது 530-க்குப் பதில் டைம் அவுட் வரத் தொடங்கும். சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் திறக்காது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் திறந்து, வீட்டு நெட்டில் திறக்கவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹோஸ்டிங்காரரிடம் ஐபி எண்ணைக் கொடுத்து விடுவிக்கச் சொல்லுங்கள். மூன்று முறை தவறினால் நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங்காரர் தரும் கண்ட்ரோல் பேனலில் (பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம், விண்டோஸில் இருப்பது அல்ல) புதுப் பாஸ்வேர்டு வைப்பதே நேரம் மிச்சம்.

சிவப்பு வரியில் "நோநேம்" என்று இருந்தால் ஹோஸ்ட் பெயரில் எழுத்துப் பிழை. "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள்.

9. லாகின் ஆகுது, ஆனா ஃபோல்டர் லிஸ்ட் வராம சுத்திக்கிட்டே இருந்து கடைசில அறுந்துடுது. ஏன்?

விசைப்படகு நிற்கிறது, வள்ளம் போக வழியில்லை. ஃபோல்டர் பட்டியலும் இரண்டாவது இணைப்பில்தான் வருகிறது. ஆக்டிவ் மோடில் சர்வர் உங்கள் கம்ப்யூட்டரைத் தேடி வந்து அந்த இணைப்பைத் திறக்கப் பார்க்கும். மொபைல் நெட்டிலும் வீட்டு ரவுட்டருக்குப் பின்னாலும் இருக்கும் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து அப்படித் தொட முடியாது. பாசிவ் மோடில் நீங்களே சர்வரைத் தேடிப் போகிறீர்கள். சைட் மேனேஜரில் டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸ் போய்ப் பாசிவ் என்று வையுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் 227 என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கும் சர்வரின் ஐபி. கடைசி இரண்டும் போர்ட். கடைசி இரண்டு 195, 80 என்றால் 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டுங்கள்: 50000. அந்த 50000-ஆம் போர்ட்டுக்குப் போகத்தான் உங்கள் கம்ப்யூட்டர் முயல்கிறது. பள்ளி, அலுவலக நெட்டில் இவ்வளவு பெரிய எண்களை அடைத்து வைத்திருப்பார்கள். ஆன்டிவைரஸின் ஃபயர்வாலும் மறிக்கலாம். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் பிழை பள்ளி நெட்டில்தான். அங்கேயே செய்தாக வேண்டுமென்றால் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள், 22 ஒன்று திறந்திருந்தால் போதும்.

10. பாம்பன்ல சிக்னல் வந்து வந்து போகுது, கரண்டும் போயிடுது. பாதி ஏறி நின்னா என்ன பண்றது?

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கீழே ஃபெயில்டு டிரான்ஸ்ஃபர்ஸ் என்ற தாவலில் போகாத ஃபைல்கள் நிற்கும். வலது கிளிக் செய்து "ரீசெட் அண்ட் ரீக்யூ ஆல்" கொடுத்து மறுபடி ஓட விடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஃபைலை என்ன செய்வது என்று கேட்டால், அளவு வேறுபட்டால் மட்டும் மேலெழுது என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் அறுந்த ஃபைல் சர்வரில் 0 பைட்டாகவோ குறைந்த அளவிலோ கிடக்கும், அது மட்டும் மறுபடி ஏறும். முடிந்ததும் வியூ மெனுவில் டைரக்டரி கம்பேரிசனை அளவின்படி வைத்துப் பாருங்கள். மஞ்சள் நிறம் என்றால் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் ஃபைல், சிவப்பு என்றால் அளவு ஒத்துப்போகவில்லை.

சிக்னல் மெலிந்த இடத்தில் செட்டிங்ஸில் கனெக்ஷன் டைம் அவுட்டை 20 வினாடியிலிருந்து 60 ஆக்குங்கள், ஒரே நேரத்தில் போகும் ஃபைல்களை 1 ஆகக் குறையுங்கள். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிய அப்லோடைப் பகலில் தொடங்காமல், கரண்டு நிலைத்திருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிடுகிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

11. 100 எம்பிதான், மூணு மணி நேரமா ஓடுது. நெட் ஸ்லோவா?

நெட் ஸ்லோ என்று சொல்லிவிட முடியாது. அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட், அதாவது கால் எம்பி) என்றாலும் 100 எம்பி ஒரே ஃபைலாக இருந்தால் 400 வினாடியில், ஏழு நிமிடத்துக்குள் போய்விடும். வேர்ட்பிரஸ் போன்ற சைட் கட்டும் மென்பொருள்களில் அது ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வள்ளம் போய் வர வேண்டும். சரக்கு கொஞ்சம், நடை அதிகம்.

எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி ஏற்றி, ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலின் ஃபைல் மேனேஜரில் எக்ஸ்ட்ராக்ட் கொடுங்கள். பிறகு அந்த ஜிப்பை மறக்காமல் அழியுங்கள். பப்ளிக்_எச்டிஎம்எல்லில் விட்டுவைத்தால், பெயரை ஊகித்து யாரும் உங்கள் சைட் முழுவதையும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட, இறக்கிக்கொள்ளலாம். வேகமாகட்டும் என்று ஒரே நேரத்தில் 10 ஃபைல் போகும்படி வைத்தால் 421 வரும். ஒரே ஐபியிலிருந்து அதிக இணைப்பு என்று சர்வர் மறுக்கிறது என்று பொருள். 2 போதும்.

12. என் கம்ப்யூட்டர்ல போட்டோ எல்லாம் தெரியுது. சைட்ல மட்டும் பாதி போட்டோ உடைஞ்சு நிக்குது.

விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே, பெரும்பாலான ஹோஸ்டிங்குகள் ஓடும் லினக்ஸுக்கு வேறு வேறு. கேமரா தந்த பெயரில் ஜேபிஜி என்ற வால் பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் திறக்கும், சர்வரில் 404, அதாவது ஃபைல் இல்லை என்று வரும். எல்லாப் பெயரையும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சொற்களுக்கு நடுவே ஹைபன் போட்டு வையுங்கள். தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும், ஆனால் லிங்க்கைக் காப்பி செய்து வாட்சப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீண்டு போகும்.

போனில் எடுத்த படம் 4, 5 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் வந்துவிடும். அக்னி தீர்த்தக் கரையில் நின்று அறை தேடும் யாத்திரிகர், உங்கள் லாட்ஜின் இருபது படமும் இறங்கும் வரை காத்திருக்க மாட்டார்.

13. தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா வருது. அப்லோட்ல கெட்டுப் போச்சா?

அப்லோடில் கெடுவது அரிது. கேள்விக்குறியாக நின்றால் சேமிக்கும்போதே போய்விட்டது. பழைய நோட்பேடில் ஏஎன்எஸ்ஐ என்ற, தமிழ் தாங்காத என்கோடிங்கில் சேமித்திருப்பீர்கள். சேவ் ஆஸ் கொடுத்து என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்கி, தமிழை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துகள் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது, பக்கத்தின் தலைப்பகுதியில் கேரக்டர்செட் யுடிஎஃப்-8 என்ற மெட்டா வரி இல்லை.

தட்டச்சு மையத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய பக்கம், போனில் பொருளில்லாத ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

14. 403, 500-ன்னு வருது. எல்லாத்துக்கும் 777 குடுன்னு ஒருத்தர் சொன்னாரு, குடுக்கவா?

கொடுக்காதீர்கள். 403 என்றால் அனுமதி இல்லை, 500 என்றால் சர்வருக்குள் பிழை. 777 என்பது ஃபைலை யார் என்ன செய்யலாம் என்ற அனுமதி எண்: 4 படிக்க, 2 எழுத, 1 இயக்க, கூட்டினால் 7. மூன்று இலக்கமும் முறையே சொந்தக்காரர், குழு, மற்ற எல்லாரும். 777 என்றால் சர்வரில் இருக்கும் யாரும் உங்கள் ஃபைலில் எழுதலாம். பல சர்வர்கள் பிஎச்பி ஃபைலில் 777-ஐப் பார்த்தால் பாதுகாப்புக்காக ஓட்டாமல் 500 காட்டிவிடும், ஆக வைத்தியமே நோயாகிறது.

ஃபைல்களுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755. வலது கிளிக், ஃபைல் பர்மிஷன்ஸ். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும்போது "ஃபைல்களுக்கு மட்டும்", "ஃபோல்டர்களுக்கு மட்டும்" என்று இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஃபோல்டருக்கு 644 போய்விட்டால் உள்ளே நுழைய முடியாமல் 403 வரும்.

15. புதுசா இருந்தா மட்டும் மேல எழுதுன்னு குடுத்தேன். தங்கச்சி மாத்தி வச்சதெல்லாம் போச்சு!

நேரக் கணக்குக் கோளாறு. சில சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பட்டியல் தரும், நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதல். தங்கை மாலை 4 மணிக்குச் சர்வரில் விலைப்பட்டியலை மாற்றியிருப்பார். அது ஃபைல்ஜில்லாவில் காலை 10.30 என்று தெரியும். உங்களிடம் இருப்பது பகல் 12 மணிக்குச் சேமித்த பழைய பிரதி. 12 மணி புதியது என்று எண்ணி அதை மேலே எழுதிவிட்டது. சைட் மேனேஜரில் அட்வான்ஸ்டு தாவலில் சர்வர் நேர வித்தியாசத்தை 5 மணி 30 நிமிடம் என்று வைத்து, இரு பக்க நேரமும் ஒத்து வருகிறதா என்று ஒரு சிறு ஃபைலை ஏற்றிப் பாருங்கள்.

அளவை நம்பினாலும் ஒரு நுணுக்கம் உண்டு. 400 வரி உள்ள எச்டிஎம்எல் ஃபைல் சர்வரில் சரியாக 400 பைட் குறைந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுக்கும் இரண்டு பைட் வைக்கும், லினக்ஸ் ஒன்று. ஆஸ்கி என்ற, எழுத்து ஃபைலுக்கான முறையில் ஏற்றும்போது சில சர்வர்கள் அதை மாற்றிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் டைப்பை பைனரி ஆக்கினால் அளவு அப்படியே நிற்கும்.

16. வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல. பிரவுசிங் சென்டர்ல செய்யலாமா?

முடிந்தவரை வேண்டாம். வேறு வழியில்லை என்றால் லாகான் டைப்பில் "ஆஸ்க் ஃபார் பாஸ்வேர்டு" வையுங்கள். முதல் தடவை பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று கொடுங்கள். ஃபைல்ஜில்லா சேமிக்கும் பாஸ்வேர்டு மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காதவரை எளிதில் படிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். வேலை முடிந்ததும் எடிட் மெனுவில் கிளியர் பிரைவேட் டேட்டா. வீட்டுக்கு வந்ததும் கண்ட்ரோல் பேனலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

17. காக்கா (அண்ணன்) துபாய்ல இருக்காங்க. அவங்களும் படம் ஏத்தணுமாம். என் பாஸ்வேர்டைக் குடுத்துடவா?

கொடுக்க வேண்டாம், கண்ட்ரோல் பேனலில் அவருக்குத் தனி எஃப்டிபி கணக்கு திறந்து கொடுங்கள். படம் மட்டும் ஏற்றுபவர் என்றால் அவருடைய டைரக்டரியைப் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள் இருக்கும் பட ஃபோல்டராக வையுங்கள். அதற்கு மேலே அவருக்கு எதுவும் தெரியாது, கை தவறினாலும் சைட் பிழைக்கும்.

உங்கள் கண்ட்ரோல் பேனல் சிபேனல் என்ற வகையாக இருந்தால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. யூசர்நேமை அடித்தவுடன் டைரக்டரி கட்டத்தில் அதே பெயரில் ஒரு புது ஃபோல்டரைத் தானே நிரப்பிவிடும். கவனிக்காமல் விட்டால் அவர் லாகின் செய்து வெறும் ஃபோல்டரைப் பார்ப்பார், ஏற்றிய படம் சைட்டில் வராது. அந்தக் கட்டத்தை அழித்து, வேண்டிய ஃபோல்டரை நீங்களே எழுதுங்கள்.

18. கிளவுட்ஃப்ளேர் போட்டதுலேர்ந்து எஃப்டிபி திறக்கவே மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு.

கிளவுட்ஃப்ளேர் உங்கள் டொமைனுக்கு முன்னால் நின்று வெப் போக்குவரத்தை மட்டும் வாங்கி அனுப்புகிறது. கிளவுட்ஃப்ளேரின் டிஎன்எஸ் பக்கத்தில் ஆரஞ்சு மேகக் குறி போட்ட பெயருக்கு எஃப்டிபியின் போர்ட் 21-ஐக் கேட்டால் அங்கே வாங்க ஆளில்லை. ஹோஸ்ட் கட்டத்தில் டொமைனுக்குப் பதில் 4-இல் சொன்ன சர்வர் பெயரையோ ஐபி எண்ணையோ போடுங்கள்.

19. பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டரையே காணோம்! நான் எதையும் அழிக்கலை. சைட் மொத்தமும் போச்சா?

அழித்திருக்க மாட்டீர்கள், இழுத்திருப்பீர்கள். வலப்பக்கத்தில் ஃபோல்டரை அமுக்கியபோது மவுஸ் கொஞ்சம் நகர்ந்தால், பக்கத்து ஃபோல்டருக்குள் அது போய் விழுந்துவிடும். ஃபைல்ஜில்லா கேட்காமலே நகர்த்திவிடும். பட்டியலில் அதற்கு மேலும் கீழும் உள்ள ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே முழுசாக உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்து, பட்டியலின் மேலே இரண்டு புள்ளியாகத் தெரியும் வரியின் மீது விட்டால் ஒரு படி மேலே வந்துவிடும். சைட் அந்த நொடியே திரும்பும்.

உண்மையிலேயே டெலிட் கொடுத்திருந்தால் எஃப்டிபியில் ரீசைக்கிள் பின் கிடையாது. ஹோஸ்டிங்காரரிடம் பேக்கப் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். தினமும் பழைய பேக்கப்பின் மேலேயே புதியதை எழுதும் இடங்களில் ஒரு நாள் தாமதித்தாலும் காலியான சைட்தான் பேக்கப்பாக இருக்கும். மாதம் ஒரு முறை பப்ளிக்_எச்டிஎம்எல்லைத் தேதி போட்ட ஃபோல்டரில் இறக்கி, பென்டிரைவில் தனியே வையுங்கள். இறக்கும் முன் சர்வர் மெனுவில் "ஃபோர்ஸ் ஷோயிங் ஹிடன் ஃபைல்ஸ்" போட்டுக்கொண்டால், சர்வருக்கு விதி சொல்லும், புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் ஃபைலும் பட்டியலில் தெரியும், விடுபடாமல் சேர்ந்து இறங்கும். வேர்ட்பிரஸ் என்றால் பதிவுகளும் பக்கங்களும் டேட்டாபேஸில் இருக்கின்றன. அது எஃப்டிபியில் வராது, கண்ட்ரோல் பேனலின் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து அதே பென்டிரைவில் போடுங்கள்.